குழாயைத் தட்டியது யார்

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை, மாலை ஆறு மணிக்கு, என் வீட்டுச் சூட்டுக் குழாய் மூன்று தரம் தட்டியது. டக், டக், டக். உன்னுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்றைக்கு. அதுவரை சனமும் சத்தமுமாக இருந்த மேல்வீடு அன்றோடு பூட்டிக் கிடக்கிறது, திறப்பு உன் மகளிடம். தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றபடியே, "செத்தும் விடமாட்டியோடா?" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டேன். பிறகுதான் உடம்பு குளிர்ந்தது.

பேய்க்குப் பயந்து அல்ல. ஆளில்லாத வீட்டிலிருந்து தட்டுகிறது என்றால், இந்த மூன்று குளிர்காலமும் தட்டியது யார்?

நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் ஒரே அறையில் கிடந்த நாளிலேயே, "ஒரு வீடெடுத்து மேல நான், கீழ நீ இருப்பமடா" என்று சொன்னவன் நீ. சொன்னபடி எல்லிங்ஸ்ருட்டில் வாங்கினோம். நிலக்கீழ் அறையில் இருவருக்கும் ஒரே கொதிகலன். அதன் சுடுதண்ணீர் ஒரே குழாயில் முதலில் என் வீட்டுக்கும், என் கூரையைத் துளைத்து உன் வீட்டுக்கும் ஏறும். இருபது வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பிறகு, மூன்று வருடத்துக்கு முன், அந்தத் தவக்காலம் வந்தது. நீ மாலை ஆறு மணிக்குப் பசாம் படிக்கத் தொடங்குவாய், ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரி ராகத்தில் இழுத்து இழுத்து. நானோ விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பும் பஸ் சாரதி. படியில் உன்னை மறித்தேன்.

"மெதுவாப் படியடா. எனக்கு நித்திரை வேணும்."

"உன்ர நித்திரைக்காக அவர் சிலுவையைக் கீழ வைப்பாரோ?" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாய்.

அதே கிழமைதான், இரவில் வீடு சூடாக இருக்கட்டும் என்று, பகலில் தணிந்திருக்கும் கொதிகலனை ஆறு மணிக்கு ஏறும்படி மாற்றி வைத்தாய். எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மாற்றினாய். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நீ பசாமைத் தொடங்கவும் குழாயில் மூன்று தட்டு. என்னைச் சீண்டுகிறாய் என்று முடிவெடுத்தேன். ஸ்பானரை எடுத்து ஆறு தட்டுத் தட்டினேன். பாட்டு நடுவில் நின்றது. மறுநாள் பாட்டே இல்லை, தட்டு மட்டும் வந்தது. செபத்தை விட்டாலும் விடுவான், தட்டுவதை விடமாட்டான் என்று கறுவிக்கொண்டு நானும் தட்டினேன்.

நோர்வேக்காரன் என்றால் கதவில் ஒரு துண்டு எழுதி ஒட்டியிருப்பான். நமக்குத்தான் வாய் திறந்து கேட்டால் மானம் போய்விடுமே! படியில் கண்டால் நீ தொப்பியை இறக்குவாய், நான் போனை எடுப்பேன். கொதிகலனைப் பார்க்க ஆள் வரும் நாளைக்கூட உன் மகள்தான் கீழே வந்து சொல்வாள். உன் செத்தவீட்டில் "ஒருத்தரோடயும் சண்டைக்குப் போகாத மனிசன்" என்று எல்லோரும் சொல்ல, நான் கடைசி வாங்கில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் குழாய் வேலைக்கு ஆள் கூப்பிட்டேன். ரொம்சோஸில் வளர்ந்த தமிழ்ப் பெண் வந்தாள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கொதிகலனில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். "பொய்லர்ல பிழையில்லை, அங்கிள்." அதை ஆறவிட்டு, மறுபடி போட்டு, என் வீட்டுக்குள் வந்து குழாய் கூரைக்குள் நுழையும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். டக், டக், டக்.

"சூடேறக் குழாய் நீளுது. மரத்தில துளை இறுக்கம். தடக்கி நிண்டு, துள்ளி விடேக்க இப்பிடித்தான் கேக்கும்."

"மேலயும் கேக்குமோ?"

"ஓம். மேல இருக்கிறவை கீழ தட்டுகினம் எண்டு நினைப்பினம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சரி, முதல் தட்டு குழாயுடையது, பிறகு நீயும் பதிலுக்குத் தட்டித்தானே இருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மேலேயிருந்தும் துளையைப் பெருப்பிக்க வேண்டும் என்றாள். உன் மகள் திறப்போடு வந்தாள். என் குழாயில் பெயின்ட் உதிர்ந்து, இரும்பு நசுங்கிக் கிடக்கிறது. உன் குழாய் வாங்கிய அன்றுபோல வெள்ளையாக நின்றது. ஒரு கீறல் இல்லை. உன் மகளைப் பார்க்க எனக்கு முகமில்லை.

"அப்பா பிறகு பசாமைக் காருக்குள்ள இருந்துதான் படிச்சவர், மாமா. கீழ உங்களுக்கு நித்திரை குழம்புதாம்."

பார்க்கிங்கில், பனிக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு! அதையாவது என் காதில் விழச் செய்தாயா? நல்லவன் என்ற பெயரை நீ கொண்டு போய்விட்டாய். ஸ்பானரோடு நிற்கிற பைத்தியக்காரன் நான். செத்தவனிடம் போய் மன்னிப்புக் கேட்கவும் முடியாது. உன்மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

துளையைப் பெருப்பித்து, கம்பளித் துண்டு வைத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண். இன்று ஆறு மணிக்கு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நசுங்கிய இடத்துக்குப் பெயின்ட் அடிப்போமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். அது நான் அடித்தது, என் கண்முன்னே கிடக்கட்டும்.

ஆனால் கோபம் போகவில்லை, கேட்டுக்கொள். ஒரே ஒரு நாள் படியிறங்கி வந்து, "ஏனடா தட்டுறாய்?" என்று கேட்டிருந்தால், "நீ ஏனடா தட்டுறாய்?" என்று நானும் கேட்டிருப்பேன்.