நான்கு அங்குலம்

மார்ச் 9, சனி

மான்ட்ரோஸ் டவுனுக்குப் போய்த் திரும்பினோம். வழி முழுக்க என் கணவன் ஆரின் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினான். வண்டி ஒரு சமயம் நடுக்கோட்டைத் தொடுகிறது, ஒரு சமயம் ஓரத்துச் சரளையில் இறங்குகிறது. எதிரே லாரி வந்தால் என் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறது.

போன அக்டோபரில் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தினான். உயரமான ஸ்பிரிங், பெரிய டயர். வீம்புக்குச் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடமாக மலை மீட்புக் குழுவில் இருக்கிறான். காலை உடைத்துக்கொண்டவர்களையும் வழி தவறியவர்களையும் இந்த வண்டியில்தான் கீழே கொண்டுவருகிறான். பழைய உயரத்தில் அடிப்பாகம் பாறையில் இடித்துக்கொண்டே இருந்தது. உயர்த்திய அன்று என்னால் ஏறவே முடியவில்லை. “நீ குட்டையாப் பொறந்ததுக்கு நான் என்ன பண்றது?” என்று சிரித்தான்.

அன்றிலிருந்து வண்டி நேராக ஓடுவதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

டெல்ஃபினோ வந்தான்; எங்களுக்கு டெல். சக்கரக் கோணம் சரிபார்க்கும் கடை வைத்திருக்கிறான். ஆரினுக்குப் பள்ளிக்கூடத் தோழன். வண்டிக்கு அடியில் நுழைந்தவன் அங்கிருந்தே கத்தினான்:

“மார்லிஸ், கடையில தள்ளுவண்டிச் சக்கரம் பாத்திருக்கல்ல? பின்பக்கமாச் சாய்ஞ்சு இழுபட்டாத்தான் நேரா வரும். உன் புருஷன் தூக்குற வேகத்துல அந்தச் சாய்வையே நிமித்தி வச்சிருக்கான். முன் அச்சைப் பிடிக்கிற குறுக்குக் கம்பியும் நீளம் பத்தல. அச்சு ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது.”

“நாப்பது வருஷமா வண்டிக்கு அடியில கிடக்கறவன்டா நான்,” என்றான் ஆரின்.

“அதான் ஒழுகின எண்ணெயெல்லாம் மண்டைக்குள்ள போயிருக்கு.”

பச்சை மிளகாயும் கறியும் போட்டு சூப் வைத்திருந்தேன். இருவரும் இரண்டு கிண்ணம் குடித்தார்கள். ஆரினுடைய கரண்டி கிண்ணத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. அவசரமாகச் சாப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

மார்ச் 30, சனி

டெல் சொன்ன உதிரிச் சாமான்கள் வந்துவிட்டன. கூடத்தில் நடக்க இடமில்லை.

ஏப்ரல் 6, சனி

காலையிலிருந்து மாலைவரை வேலை. அச்சைத் தாங்கும் இரும்புக் கைகளுக்குப் பதிலாக நீளமானவை போட்டார்கள். குறுக்குக் கம்பியும் புதிது. ஆரின் ஒரே போல்ட்டை மூன்று முறை கீழே போட்டான். மூன்றாவது முறை டெல் அதை எடுத்துத் தானே மாட்டினான். கேலி பண்ணாத டெல்லை நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 13, சனி

டெல் கடையில் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். எல்லாக் கோணமும் மயிரிழை பிசகாமல் இருக்கிறதாம். ஆனால் வீட்டுக்கு ஓட்டி வந்தபோது வண்டி மறுபடி வலது பக்கம் போனது. “மெஷின் பொய் சொல்லுது,” என்றான் ஆரின்.

ஏப்ரல் 20, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டெல் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு, பண்ணைகளுக்கு நடுவே நேராகப் போகும் சாலைக்கு வந்தான். முதலில் அவன் ஓட்டினான். கையை எடுத்தான். வண்டி கோடு போட்டதுபோல ஓடியது. பிறகு நான். நானும் கையை எடுத்தேன், பயந்துகொண்டே. நேராகத்தான் போனது. பிறகு ஆரின் ஏறினான்.

அரை மைல்கூட இல்லை. வலது சக்கரங்கள் சரளையில் இறங்கின. திருப்பினான், அதிகமாகத் திருப்பினான், மறுபடி வலது. “பாத்தீங்களா? இழுக்குது பாத்தீங்களா?”

பின் இருக்கையிலிருந்து டெல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கிக்கொண்டேன்.

இறங்கிய பிறகு, ஆரின் தூரத்தில் டயரை உதைத்துக்கொண்டு நிற்கையில், டெல் மெதுவாகச் சொன்னான்: “எந்தப் பார்ட்டைக் கேட்டாலும் நான் மாத்தித் தர்றேன், மார்லிஸ். ஆனா கோளாறு வண்டியில இல்ல.”

நாளை ஈஸ்டர். பன்றித்தொடையை அடுப்பில் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஆரினிடம் சொல்லவில்லை.

மே 4, சனி

புது டயர் நான்கும் போட்டாயிற்று. பழையது பாதிகூடத் தேயவில்லை. டெல் மாட்டிக் கொடுத்தான், ஆரின் முகத்தைப் பார்க்காமல். திரும்பி வரும்போது ஆரின், “இப்பப் பரவாயில்ல, இல்ல?” என்று கேட்டான். “ம்,” என்றேன். சக்கரம் அப்போது சரளையில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? அவனாகவே கண்டுபிடிக்கட்டும் என்றா? கண்டுபிடித்தால் தனியாகக் கண்டுபிடித்ததாகிவிடாதா?

மே 11, சனி

மதியம் குழுவிலிருந்து அழைப்பு. பனி உருகும் ஓடையில் ஒரு பெண் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். வாசலில் நின்று, “இன்னிக்கு வேற யாராவது போகட்டுமே,” என்றேன். “ஏன்?” என்றான். காபி ஃபிளாஸ்க்கை எடுத்துக் கொடுத்தேன். போய்விட்டான்.

ஆறு மணிக்கு வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். நானே போய்க் கதவைத் திறந்தேன்.

“பாறை விளிம்புப் பாதையில வலது பின் சக்கரம் வெளிய போயிடுச்சு,” என்றான். “கல்லு சரிஞ்சுது. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அது கீழ விழுந்த சத்தம் கேட்டுது.”

“அந்தப் பொண்ணு?”

“பின்னாடி கட்டிப் படுக்க வச்சிருந்தோம். கத்தவே இல்ல. கண்ணாடியில என்னையே பாத்துட்டிருந்தா.”

அவள் பிழைத்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கல் மட்டும் விழுந்தால் போதும் என்று கடவுள் விட்டது என் மௌனத்தை மன்னித்ததாக ஆகாது. கடவுளே, நான் வாயைத் திறந்திருந்தால் அவள் அந்த விளிம்புக்கே போயிருக்க மாட்டாள்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். மகள் டென்வரிலிருந்து கூப்பிட்டாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னேன்.

பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, “என்கூட வா,” என்றேன். அவன் கேள்வி கேட்கவில்லை. அதே பண்ணைச் சாலை. நாற்பது மைல் வேகத்தில் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மைல் போனோம். வண்டி அசையவில்லை. ஓரமாக நிறுத்தினேன்.

“எத்தனை நாளாத் தெரியும்?” என்று கேட்டான்.

“மூணு வாரமா.”

“டெல்லுக்கு?”

“அவனுக்கும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் நின்றன. அவன் அவற்றின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“டயர் வாங்கினேன்ல,” என்றான், “அன்னிக்கே எனக்கும் தெரியும்.”

அழுதேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன் — என்கிட்ட சொல்லிருக்கக் கூடாதா, நான் யாரு உனக்கு, அந்தப் பொண்ணு செத்திருந்தா என்னடா பண்ணிருப்பே — நிறுத்த முடியவில்லை. அவன் என் கையைப் பிடிக்க வந்தான். அவன் வலது கை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. இடது கையால் பிடித்துக்கொண்டான்.

ஜூன் 19, புதன்

பார்க்கின்சன். கிராண்ட் ஜங்ஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். ஆரின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: “வண்டி ஓட்டலாமா?” அவர் உடனே பதில் சொல்லவில்லை. அதுவே போதும் என்று எழுந்துவிட்டான்.

ஜூலை 8, திங்கள்

வாக்கிடாக்கியையும் குழுச் சட்டையையும் திருப்பிக் கொடுத்தான். சட்டையை நானே இஸ்திரி போட்டேன். அவர்கள் கேக் வெட்டினார்களாம். ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி எனக்குக் கொண்டுவந்தான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆரின் இன்று முழுக்க வாசலில் வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அக்டோபர் 5, சனி

இரண்டு வாரமாக அவனால் வண்டியில் ஏற முடியவில்லை. இடுப்பைப் பிடித்துத் தள்ளி ஏற்றுவேன். முதல் தடவை இருவரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

நேற்று அவனே டெல்லுக்குப் போன் போட்டான். “கழட்டின பழைய ஸ்பிரிங் ஷெட்டுல இருக்கு. எறக்கிடு.”

“எவ்வளவு?”

“நாலு அங்குலமும்.”

டெல் இன்று காலை வந்தான். ஆரின் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். டெல்லுக்குத் தெரியாததா? ஆனாலும் ஒவ்வொன்றுக்கும், “அடுத்து எதுடா?” என்று கேட்டுக் கேட்டுச் செய்தான். மூன்று மணிக்கு வண்டி தரையோடு வந்து உட்கார்ந்தது, தெருவில் போகிற மற்ற வண்டிகளைப்போல.

ஆரின் எழுந்தான். நான் பக்கத்தில் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தான். நான் எப்போதும் உட்காரும் வலது பக்கக் கதவைத் தானே திறந்தான், இருக்கையைப் பிடித்தான், உட்கார்ந்தான், கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தான். பெல்ட்டை மாட்ட நேரமாயிற்று. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

தெருமுனையில் திரும்பியதும் மலை தெரிந்தது. மேலே முதல் பனி. அவன் குனிந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்தான்.

“மலை கொஞ்சம் உசந்துட்டாப்ல இருக்கு,” என்றான்.