கன்னி மூலையில் எர்த் குழி

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பாலவாக்கத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் அவரைப் போலவே முரண்டு பிடிக்கிறது. மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி சிந்துவும் நன்றாக இருக்க முருகன் துணை. அந்த முழங்காலுக்கென்று நீ வாங்கி அனுப்பிய வெந்நீர்த் தொட்டியில் அப்பா ஏன் இன்னும் இறங்கவில்லை என்று போனில் கோபித்துக்கொண்டாயே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல்தான் இந்தக் கடிதம்.

தொட்டி வந்த அன்று வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் போய்விடும் என்று சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துச் செருகப் போனார் மனுஷர். நான் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தி.நகரில் கடை நடத்திய நாளில் வேலையாட்கள் அத்தனை பேரையும் அதட்டிய குரலில் என்னையும் அதட்டினார், நான் அசைவேனா? டிசம்பரில் நீங்கள் வந்தால் அதில் முதலில் குதிக்கப் போவது சிந்துதானே, அந்தப் பிள்ளை முகம்தான் என் கண்முன் நின்றது. எலக்ட்ரீஷியன் சைஃபை வரவழைத்தேன். அவன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னாமா இது, ஒயரு கீது, எர்த்து எங்க கீது என்றான். தேடினால், வீடு கட்டும்போது கன்னி மூலையில் குழி ஆகாது என்று வாஸ்துக்காரர் சொல்ல, உன் அப்பா, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழியையே மூடி மேலே கிரானைட் போட்டிருக்கிறார்! பெயர்த்துப் பார்த்தால் கம்பி உப்பேறி அற்றுக் கிடக்கிறது. ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்றதே, ஈரக்கையோடு தொட்டாயா என்று என்னைத் திட்டுவாரே, அதற்கும் இதுதான் காரணமாம். ஹீட்டர் ஓடும் தண்ணீரில் அவர் உட்கார்ந்திருந்தால் என்னாகியிருக்கும்!

இப்போது கிழக்குப் பக்கம் புதுக் குழி தோண்டியாயிற்று. தொட்டிக்குத் தனி லைன், கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ட்ரிப்பர், தொட்டிப் படியின் இரும்புக் கைப்பிடிக்கும் எர்த். டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் டப்பென்று அணைந்தது, நான் கை தட்டிவிட்டேன். சைஃப் இன்னொரு முறை அளந்து பார்த்த பிறகுதான் தண்ணீர் நிரப்புவோம்.

கடற்கரை மணல் சீக்கிரம் காய்ந்துவிடும், ஈரம் இருந்தால்தான் எர்த் வேலை செய்யும், குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று அவன் சொன்னதிலிருந்து அது உன் அப்பா வேலை. டாக்டர் சொல்லியும் நீ அழுதும் நடக்காத மனுஷர், காலையும் மாலையும் சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போகிறார், பிள்ளை குளிக்கிற இடம் என்று முணுமுணுத்துக்கொண்டே. கைத்தடி கதவு மூலையிலேயே கிடக்கிறது அனு, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். அங்கே உன் வீட்டு ட்ரிப்பரையும் ஒருமுறை அழுத்திப் பார். அப்பா நடப்பதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே, கேட்டால் வீம்புக்கு உட்கார்ந்துவிடுவார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
சண்முகவடிவு