தவிட்டுக் கொய்யாவுக்குச் சுண்ணாம்பு ஆகாது

கண்ணு,

நீ வைத்துவிட்டுப் போன மலைச்செடி, அந்தத் தவிட்டுக் கொய்யா, மூன்று வருடமாகப் பூக்கவில்லை. ரோஸ் நிறத்தில் விரிந்து மறுநாளே வெளுக்கும் அந்தப் பூவைப் பார்த்து நாளாகிவிட்டது. இலையெல்லாம் மஞ்சள். உரம் போட்டேன், தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், அலுத்துப்போனேன். உன்னைப் போலவே பிடிவாதம் என்றேன். "யாரைப் போலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் உன் அம்மா.

போன மாதம் நாற்றுப்பண்ணைக்காரரைக் கூட்டிவந்தேன். வேரோரத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க, சுண்ணாம்பைக் கொட்டியா வளக்கறீங்க? இதுக்கு அது ஆகவே ஆகாது."

நீ லீவுக்கு வருவாய் என்று வருடா வருடம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் அல்லவா? மழையில் கரைந்ததெல்லாம் சுவரோரம் நின்ற உன் செடிக்குத்தான் போயிருக்கிறது. நல்லது என்று நினைத்துச் செய்ததுதான். நீ கிளம்பிய அன்று வாசலில் நான் பேசியதும் அப்படித்தான். அதை எழுத இப்போது உட்காரவில்லை.

செடியைப் பெயர்த்து வேலியோரச் செம்மண்ணில் வைத்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. இன்று காலை ஒரே ஒரு கிளையில் பச்சையாகத் துளிர் தெரிகிறது.

இந்த வருடம் வெள்ளையடிக்கப் போவதில்லை. சுவர் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. அது அப்படியே இருக்கட்டும், நீ வா.

அப்பா