ஹவுள் போலக் கழுவிய இறால் தொட்டி

கல்முனை
17.07.1986

அன்பு மகள் முனவ்வறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உம்மாவும் சுகம், சுகமில்லாதது நமது இறால் குஞ்சுகள் மட்டும்தான். போன மாதம் முதலாம் தொட்டியில் செத்த குஞ்சுகளை நீ போத்தலில் கொண்டுபோய் உங்கள் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பார்த்து எழுதியது கிடைத்தது. தீனியைச் செரிக்க உதவும் நல்ல கிருமிகள் குடலில் அழிந்துபோய், வெறுமையான இடத்தில் கெட்ட கிருமி குடியேறிவிட்டது என்று எழுதியிருந்தாய். அழித்தது யாரென்று எனக்குத் தெரியும். தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று கொழும்பு ஆலோசகர் சொன்னார், நான் பக்கீர் முகைதீனைப் பிடித்தேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒழு எடுக்கும் ஹவுளை வெள்ளிக்கு வெள்ளி குளோரின் போட்டுத் தேய்க்கிற மனிதர், குஞ்சுகளைச் சோறாக்கும் பெரிய கிடாரத்தில் மாற்றிவிட்டு இதையும் அப்படியே தேய்த்தார். நானும் பார்த்து மாஷா அல்லாஹ் என்றேன். இறால் தொழுவதில்லை என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

இரண்டாம் தொட்டியில் கை வைக்க முன் அவர் மார்க்கப் பணிக்கு நாற்பது நாள் ஜமாஅத்தில் போய்விட்டார். அது பாசி பிடித்துக் கிடக்கிறது, குஞ்சுகள் துள்ளுகின்றன, ஒவ்வொன்றின் முதுகிலும் இரை நிறைந்த குடல் மருதமுனை நெசவுச் சாரத்தின் கறுப்பு இழை போலத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை ஆலோசகர் வந்து முதலாம் தொட்டியின் சுத்தத்தைப் பாராட்டினார். அதில் உயிர் ஒன்றும் இல்லாததை அவர் குறையாக எடுக்கவில்லை. இரண்டாவது ஊத்தையாம், வெள்ளிக்கிழமைக்குள் குளோரின் போட்டுக் கழுவித் தீனியில் கிருமி கொல்லும் மருந்துக் குளிசையும் கலக்க வேண்டுமாம். உன் கடிதத்தை நீட்டினேன். எழுதியது யார் என்றார், மகள் என்றேன், படிக்கிற பிள்ளைகள் இப்படித்தான் எழுதும் என்று மடித்துத் தந்தார். படிக்காதவர்கள்தான் எழுத வேண்டும் போலும். தொழிலில் கூட்டாளியான உன் ஜெமீல் மாமாவோ ஓம் சேர், ஓம் சேர் என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும், மச்சான், பொம்புளப் புள்ளைட கதையைக் கேட்டு மிச்சத்தையும் சாகடிக்காதீங்க என்கிறார். செத்ததெல்லாம் ஆம்பிளைகளின் கதையைக் கேட்ட தொட்டியில் என்று சொன்னேன், மூன்று நாளாக என்னோடு கதைப்பதில்லை.

நாளைக்கு வெள்ளி. ஆகவே குளோரின் டின்னையும் குளிசைகளையும் அலுமாரிக்குள் பூட்டி, சாவியை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். மாமா கேட்டால் சாவி பேராதனையில் என்பேன், இந்த வயதில் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உம்மாவின் பெருநாள் சாரியும் உள்ளே அகப்பட்டுவிட்டது, அதை அவ இன்னும் அறியவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் குஞ்சுகள் விரலளவு வளர்ந்துவிடும், அதற்கு ஒரு நாள் முந்தியும் சாவி வர வேண்டாம், நீயே கொண்டு வா. கொதித்தாறிய தண்ணீர் குடி. உன் அறிவில் றஹ்மானாகிய அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

உன் எழுத்தை நம்பும்
வாப்பா