நல்லமேட்டுக்கு ஒரு சுடுகாடு வேண்டும்

நல்லமேடு,
திருவெண்ணெய்நல்லூர் வழி,
12-2-1963

சிரஞ்சீவி சீனுவாசனுக்கு அப்பா எழுதுவது. பிலாயில் நீயும் ராஜாமணியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். இங்கே நானும் மாடும் சுகம். அம்மா சுகமில்லை. விழுப்புரத்து டாக்டர் போன வாரம் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டதைக் கொடுங்கள் என்றார். கேட்டதைக் கொடுக்கச் சொல்லும் டாக்டரிடம் நாம் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது, நானும் கேட்கவில்லை. நீ வர வேண்டியிருக்கும். எந்தத் தேதிக்கு என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அது அம்மாவே குறித்த தேதி, அதற்குக் காரணம் இருக்கிறது, ஆகையால் கடைசிப் பாராவை முதலில் படித்துவிடாதே.

நம் ஊர் எப்படி உண்டாயிற்று என்று ராஜாமணி போன கடிதத்தில் கேட்டிருந்தாள், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், அவளுக்குப் படித்துக் காட்டு. எட்டு வருஷத்துக்கு முன் பன்னிரண்டு குடும்பங்கள் பழைய ஊரை விட்டு இந்த மேட்டுக்கு வந்தோம். ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து வந்ததாக மனுவில் நானே எழுதினேன், நல்ல நடை. அந்த வருஷம் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. மாரியம்மன் திருவிழாவில் முதல் தாம்பூலத்தை நம் சுப்பராயலுவுக்குக் கொடுக்காமல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர் இரண்டாவது தட்டைத் தொடாமல் எழுந்து வந்து மறுவாரமே வண்டி கட்டிவிட்டார். அவர் நிலத்தை உழுதவர்கள், அவர் வீட்டில் பெண் எடுத்தவர்கள், பள்ளிக்கூடம் முடிந்தால் அவரோடு பேசியே பழகிவிட்ட என்னைப் போன்றவர்கள் எல்லாரும் பின்னாலேயே வந்தோம். இதைவிடச் சின்னக் காரணத்துக்கு ராஜ்யங்களே உண்டாகியிருப்பதால் ராஜாமணி சிரிக்க வேண்டாம். முதல் வாரம் கிணறு தோண்டினோம். இரண்டாம் வாரம் பிள்ளையாரை வைத்தோம். மூன்றாம் வாரம்தான், ஊர் என்றால் நமக்குக் கீழே யாராவது இருக்க வேண்டுமே என்பது உறைத்தது. கண்டமங்கலம் பக்கத்திலிருந்து சவுரிராயன் குடும்பத்தையும் இன்னும் மூன்று குடும்பங்களையும் கூட்டி வந்து, தெற்கே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னோம். அவமானம் பொறுக்காமல் ஊரை விட்டு வந்தவர்கள் அந்த அவமானத்தையும் மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தோம், அதை அவர்களிடம் இறக்கி வைத்தோம்.

பிறகு ஊர் வளர்ந்தது. டீக்கடை வந்தது, ஓராசிரியர் பள்ளி வந்தது, பஸ் நிற்பதற்கு ஒரு கல் நட்டார்கள். சுடுகாடு ஒன்றுதான் வரவில்லை. ஆற்றங்கரைக்குப் பிணம் போக வேண்டுமானால் பழைய ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும், அவர்களோ, பொணத்தத் தூக்கினு இந்தத் தெருவுல கால் வச்சீங்கன்னா தெரியும் சேதி, ஒங்க மேட்டுலயே வச்சி கும்பிட்டுக்கினு கெடங்க என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லவேளையாக எட்டு வருஷமும் யாரும் சாகவில்லை. புதுக் கிணற்றுத் தண்ணீரின் குணம் என்று சுப்பராயலு வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வார். குழந்தைகள் மூன்று போயின, கொல்லையில் புதைத்தோம், குழந்தைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன ஐப்பசியில் ஏரிக்கரையோரம் இருக்கும் முப்பது சென்ட் புறம்போக்கைச் சுடுகாடாக எழுதித் தர வேண்டுமென்று மனுக் கொடுத்தோம், அதையும் நானே எழுதினேன். அது எங்கள் மேய்ச்சல் தரை என்று பழைய ஊர்க்காரர்கள் எதிர்மனுக் கொடுத்தார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், நேர்மையானவர், இளநீரைக்கூட வேண்டாமென்றார். பொணம் எரிச்ச தடம் இருந்தா சுடுகாடுன்னு எழுதறேன், மாடு மேஞ்ச தடம் இருந்தா மேய்ச்சல்னு எழுதறேன், பொங்கல் கழிச்சி வர்றேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். அதுவரை ஊரில் யாரும் சாகாதது பெருமையாக இருந்தது, அன்று மாலையிலிருந்து அது ஒரு குறையாகிவிட்டது.

சின்னக்கண்ணுத் தாத்தாவை உனக்கு நினைவிருக்கும். நாதியில்லாதவர், சுப்பராயலுவின் மாட்டுக் கொட்டகையில் தீபாவளியிலிருந்து எழுந்திருக்காமல் கிடந்தார். நாலு நாள் முனகல் கேட்காவிட்டாலும் எட்டிப் பார்க்காதவர்கள் இப்போது முறை வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காதென்று ஆளுக்கொரு செம்பு கேப்பைக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார்கள். கொட்டகைக்குப் பின்னாலேயே விறகு பிளந்து அடுக்கினார்கள். இன்னா தாத்தா, எப்டிக் கீது என்று கேட்பார்கள், நேத்திக்கு இன்னிக்குத் தேவலாம்பா என்பார், கேட்டவர் முகம் தொங்கிவிடும். பட்டினியைத் தவிர அவருக்கு வேறு வியாதி இருந்ததாகத் தெரியவில்லை. மார்கழி முடிவதற்குள் எழுந்து உட்கார்ந்தார், பொங்கலன்று தடியூன்றி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஊரு நம்பள இம்மா நல்லா பாத்துக்கும்னு தெரியாமப் பூட்ச்சே வாத்தியாரே, தெரிஞ்சிருந்தா நாலு வருசம் முன்னியே படுத்திருப்பேன் என்றார்.

அதற்கு மூன்றாம் நாள் சவுரிராயன் பெண்சாதி சவுரியம்மாளைச் சுப்பராயலுவின் கரும்புக் கொல்லையில் கட்டுவிரியன் கடித்தது. அம்மா படுக்கையில் விழுந்த நாளாக அவள் துணிகளை அலசியது சவுரியம்மாள்தான். பின்பக்கம் நின்று வாங்கிக்கொண்டு போய் வாய்க்காலில் அலசி வேலியில் போட்டுவிட்டுப் போவாள். வீட்டுக்குள் வந்ததில்லை, வரச் சொன்னதுமில்லை. அம்மா உள்ளே இருந்து பேசுவாள், அவள் சுவருக்கு வெளியே நின்று பதில் சொல்லுவாள், இரண்டு பேரும் அப்படிச் சிரிப்பார்கள், என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்ல மாட்டார்கள். அன்று சவுரிராயன் ஓடி வந்து, ஆண்டே, வண்டியக் குடுங்க ஆண்டே, விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஜல்தியா கொண்டும் பூட்றேன் என்று சுப்பராயலுவிடம் கெஞ்சினான். வண்டியில் ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு ஏற்றியிருந்தது. லோடு எறக்கினா கரும்பு காஞ்சி பூடும்டா, போயி வேப்பெலய அரச்சிக் குடு என்றார். கரும்பு காயவில்லை. அவள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சவுரிராயன் வந்து பிள்ளையாருக்கு எதிரே தூரத்தில் நின்றான். அந்த ஏரிக்கரையில ஓரமா ஆறடி குடுங்க ஆண்டே, பொதச்சிக்கறோம், நீங்களும் ஒரு பொணத்தத்தானே தேடிக்கினு இருக்கீங்க என்றான். அவன் சொன்னது நியாயம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. சுப்பராயலுதான் எழுந்தார். மொதத் தாம்பூலம் நமக்கு இல்லன்னுதானே ஊர வுட்டு வந்தோம், இப்ப மொதக் குழி அவங்களுக்கா என்று கேட்டார். ஊரே தலையாட்டியது. தீர்மானத்தை வாத்தியார் எழுதட்டும் என்றார்கள், எழுதினேன். சவுரிராயனுக்கு நம் தெரு இல்லை, பழைய ஊர்த் தெருவும் இல்லை. அவனும் மூன்று பேருமாகக் கரும்புக் கொல்லை வரப்பில் இறங்கி, ஏரிக்குள் காரைமுள்ளை வெட்டி வழி பண்ணிக்கொண்டு, ஆற்றோரமாகவே ஆறு மைல் நடந்து மிஷன் கோயில் கல்லறையில் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அங்கிருக்கும் சாமியாருக்கு நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். சவுரியம்மாளுக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

அன்று அம்மா தீர்மானத்தைப் படிக்கச் சொன்னாள், படித்தேன். காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எழுத்து அழகா இருக்குது என்றாள். அப்புறம் இருபது நாள் என்னோடு பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். அதற்கு முதல் நாள் சுப்பராயலுவின் நொண்டிக் காளை ஒன்று செத்துப் புண்ணியம் கட்டிக்கொண்டது, தாத்தாவுக்கு அடுக்கிய விறகை அதற்கு வைத்து ஏரிக்கரையில் எரித்திருந்தார்கள். அவர் குடை நுனியால் சாம்பலைக் கிளறி ஒரு கொம்பை வெளியே தள்ளினார். இன்னா வாத்தியாரே, ஒங்க ஊருல செத்தவங்களுக்குக் கொம்பு இருக்குமா என்றார். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்று நாக்கு வரையில் வந்தது, வழக்கம்போல் விழுங்கினேன். பாம்பு கடிச்சி ஒரு பொம்பள செத்துச்சாமே, அத எங்க வச்சீங்க என்று அடுத்துக் கேட்டார். அவுங்க இந்த ஊரு இல்லீங்க என்றார் சுப்பராயலு. அப்ப இந்த ஊருல யாருதான்யா சாவறீங்க என்று கேட்டுவிட்டு அவர் ஏதோ எழுதிக்கொண்டார். வருகிற இருபத்தைந்தாம் தேதி தாசில்தாரே நேரில் வருகிறார், அன்றைக்கும் தடம் இல்லையென்றால் அது மேய்ச்சல் தரைதான்.

போன வியாழக்கிழமையிலிருந்து நம் வீட்டுக்குக் கஞ்சி வருகிறது. காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் சுப்பராயலுவின் பெண்சாதி பாஞ்சாலியே செம்போடு வந்து, இன்னாக்கா, ராவுல மூச்சு ரொம்ப வாங்குதா, கால் வீங்கிகினு கீதா என்று உட்கார்ந்து கேட்கிறாள். நம் கொல்லைக்குப் பின்னால் விறகு பிளக்கும் சத்தமும் கேட்கிறது. முதல் நாள் பாஞ்சாலி போனதும்தான் அம்மா வாய் திறந்தாள். தாசில்தார் என்னிக்கு வர்றாரு என்றாள். இருபத்தைந்து என்றேன். விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் எண்ணினாள். அப்ப நான் இருவத்தாறுக்குப் போறேன், கஞ்சி கொண்டாந்தா வேணாம்னு சொல்லாதீங்க, நல்லா ரொப்பி ஊத்தச் சொல்லுங்க என்றாள். சவுரியம்மாளத் தூக்கினு போன வழியிலயே என்னியும் ஆத்துக்குத் தூக்கினு போங்க, ஏரிக்கரைக்கு வேணாம் என்றும் சொன்னாள். அன்று முதல் வாய்க்குப் பிடிக்காமலே மூன்று வேளையும் குடிக்கிறாள், தொண்டையில் இறங்க நேரமாகிறது, ஆனாலும் செம்பைக் காலியாகத்தான் கொடுக்கிறாள். அந்த வழி சவுரிராயனுக்குத்தான் தெரியும் என்பதால் வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கேட்டேன், எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் போனேன். அம்மாவுக்குன்னா காட்றேன் வாத்தியாரய்யா, ஊருக்குன்னா எனக்குத் தெரியாது என்றான்.

ஆகவே நீ இருபத்தாறாம் தேதி காலையில் இங்கே இருந்தால் போதும். முன்னாலேயே வந்துவிடாதே, நீ பஸ்ஸில் இருந்து இறங்குவதைப் பார்த்தால் இன்னும் இரண்டு வண்டி விறகு கொண்டுவந்து போடுவார்கள். ராஜாமணியும் குழந்தையும் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். குழந்தைக்கு மார்ச்சளி என்று எழுதியிருந்தாய், ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடு, பனியில் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. முள்ளுப் பாதையில் செருப்பில்லாமல் தூக்க வேண்டியிருக்கும், காலைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ரெண்டு எடத்துல அடிச்சி எழுதியிருக்கீங்க, பரவாயில்ல என்றாள். உங்கள் மூவருக்கும் எங்கள் இருவர் ஆசியும் என்றைக்கும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மா போய்விட்டதாக இருபத்தைந்தாம் தேதிக்கு முன்னால் ஏதாவது தந்தி வந்தால் அது ஊர் கொடுத்தது, நம்பாதே.

அம்மாவின் கட்டிலருகே இருந்து,
உன் அப்பா
பச்சைமுத்து