குகைக்காரர் கொலை வழக்கு

ஜூன் 1, ஞாயிறு

இன்றும் பரணி வீட்டு மாடியில் ஆட்டம். பரணி கதை சொல்வான். விக்னேஷ்குமார், நசீம் பானு, நான் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். வாரமெல்லாம் கோர்ட்டில் வாய்தா வாங்கி அலுத்த எனக்கு இதுதான் மூச்சு. விக்னேஷும் அதே கோர்ட்டில் வக்கீல்தான். கல்லூரியிலிருந்து கூட வருகிறவன்.

இன்றைய கதையில் குகைக்காரர்கள் என்ற இனத்தார் மூன்று பேரைப் பிடித்தோம். ஈட்டிகளைக் கீழே போட்டுவிட்டார்கள். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். விக்னேஷ் பகடையைக்கூட எடுக்கவில்லை.

"கட்டிப்போட்டவனுக்கு எதுக்குப் பகடை? மூணு பேரையும் வெட்டுறேன்."

"சரணடைஞ்சவங்கடா" என்றேன்.

"ஆட்டத்தோட விதிப் புஸ்தகத்துலயே போட்டிருக்கு ஜோதி. பிறவியிலேயே கெட்ட இனம். கொன்னா கொலை இல்ல."

மூன்று உயிருக்கான புள்ளிகளைப் பரணி பிரித்துக் கொடுத்தான். எனக்கும் பங்கு வந்தது.

ஜூன் 2, திங்கள்

விளையாட்டுதான். தெரியும். தெரிந்தும் ஏன் காலையிலிருந்து 'கொன்னா கொலை இல்ல' என்ற வரியே காதுக்குள் ஓடுகிறது?

ஜூன் 8, ஞாயிறு

விசாரணை வேண்டும் என்று பரணியிடம் கேட்டிருந்தேன். கதைக்குள்ளேயே ராஜசபையைக் கூட்டினான். நசீம் நீதிபதி. நான் கொல்லப்பட்டவர்கள் பக்கம். விக்னேஷ் தனக்காகத் தானே வாதாடினான்.

"இந்த நாட்டுச் சட்டப்படி மனுசனைக் கொன்னாத்தான் கொலை. குகைக்காரன் மனுசனா?"

"பேசுனான். தண்ணி கேட்டான். ஆயுதத்தப் போட்டா உயிர் மிஞ்சும்னு நம்புனான். வேற என்ன வேணும்?"

"கிளியும்தான் பேசுது. இன்னைக்கு விட்டா நாளைக்கு ஊருக்குள்ள கொள்ளைக்கு வருவான்."

"நாளைக்குச் செய்யப்போற குத்தத்துக்கு இன்னைக்கே தலையா?"

"அது அவங்க ரத்தத்துலயே இருக்கு. மாறாது."

நசீம் தீர்ப்புச் சொன்னாள். "சட்டத்துல அவங்களுக்கு இடமே இல்ல ஜோதி. நான் எதை வச்சுத் தண்டிக்க? விடுதலை." பிறகு மெதுவாக, "ஆனா செஞ்சது பாவம்" என்றாள்.

"பாவத்துக்கு ஜெயில் இல்லைல்ல" என்று விக்னேஷ் சிரித்தான். பரணியின் அம்மா வடை கொண்டுவந்தார். சாப்பிட்டோம்.

ஜூன் 9, திங்கள்

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க தாத்தா ஒரு கோழியக்கூடத் திருடுனதில்ல. ஆனாலும் பொழுது சாஞ்சா ஸ்டேஷன்ல போயி ரேகை வச்சிட்டு அங்கனயே படுக்கணும். கல்யாணத்தன்னைக்கும் போனாரு. இந்தச் சாதியில பொறந்தாலே திருடன்னு வெள்ளக்காரன் எழுதி வச்சிருந்தான். அம்புட்டும் சட்டப்படிதான் நடந்துச்சு."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். குற்றப்பரம்பரைச் சட்டம் – நான் தேர்வில் எழுதி மார்க் வாங்கியது. என் வீட்டுக் கதை என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆட்டம் தொடங்குமுன் விக்னேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது வெறும் விளையாட்டு. இதுக்குள்ள ஏன் சாதிய இழுக்குற?" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்வதுபோல, "உங்களச் சொல்லல ஜோதி. நீங்கள்லாம் இப்ப எம்புட்டோ மாறிட்டீங்க" என்றான்.

மாறிட்டீங்களாம். எதுலருந்துடா மாறணும்? என் டிபன் பாக்ஸ்ல கைய விட்டுத் தின்னவன். இத்தன வருசமும் என்னைய மாறுன ஒருத்தியாத்தான் பாத்தானா?

நசீம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரணி பகடைகளை அடுக்கினான். எழுந்தேன். படியிறங்கும்வரை யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 26, வியாழன்

பரணி போன் செய்தான்.

"பிறவியிலேயே கெட்ட இனம்ங்கிற அந்த விதிய எடுத்துட்டேன். ஞாயித்துக்கெழம வா."

"விக்னேஷ்?"

"அவன் இல்லாம எப்படி? வெளையாட ஆள் பத்தாதுல்ல."

வரவில்லை என்றேன். ஆள் பத்தாதாம். ரொம்ப நியாயம்.

ஜூலை 3, வியாழன்

கோர்ட் கேன்டீன். "என்ன, கோவம் போயிருச்சா?" என்றான் விக்னேஷ். டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

சாயங்காலம் நசீமிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி. என் பாத்திரத்தைக் கதையில் சும்மா நிறுத்திவைக்க முடியவில்லையாம். இன்று கொன்றுவிட்டார்களாம். "உங்கிட்டச் சொல்லாம இருக்க மனசு கேக்கல."

"யார் கொன்னது?" என்று கேட்டேன்.

"குகைக்காரங்க. காட்டு வழியில மறைஞ்சிருந்து அடிச்சிட்டாங்க. அடுத்த வாரம் அவங்க ஊரையே கொளுத்தப் போறோம். விக்னேஷ்தான் உனக்காகப் பழிவாங்கணும்னு முன்னால நிக்கிறான்."

"நீயும் போறியா?"

நீலக்குறி விழுந்தது. பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை.