துண்டில்லாத கை

9 ஜூன் 1994, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் என் வீட்டுக்காரர் முதல் தடவையாகப் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போனார். வேட்டிக்கு நீலம் போட்டு வைத்திருந்தேன். தோளில் துண்டு. மாட்டுத் தரகருக்குத் துண்டுதான் கடை, துண்டுதான் முதல். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலை அமுக்கித்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

அந்தத் துண்டுதான் போன வருஷம் எங்களைக் கவிழ்த்தது. துண்டும் நோயும் சேர்ந்து. தூக்கமே இல்லாமல், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, கண்ணில் ஒரு மினுமினுப்போடு திரிந்தார். சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி! ஒரே சந்தையில் ஆளாளுக்குத் துண்டுக்குள் கை கொடுத்து, கேட்ட விலைக்கு மேலேயே அமுக்கி, கண்ணில் பட்ட மாட்டு ஜோடியை எல்லாம் கடனுக்கு வாங்கிவிட்டார். பாலுசாமி கை கொடுத்தால் பணம் கொடுத்த மாதிரி என்று பெயர். விற்ற ஒவ்வொருவரும் தன்னிடம் மட்டும்தான் வாங்கினார் என்றே நினைத்திருக்கிறார்கள். சாயங்காலம் எங்கள் வாசலில் மாடு நிற்க இடமில்லை.

பிறகு பாதி விலைக்கு விற்றோம். மனசு அப்படியே மடங்கிப் படுத்தார். ஒரு விடிகாலையில் கிணற்றுமேட்டில் நின்றவரை, கூட்டாளித் தரகர் நாகூர் மீரான் பாய்தான் கையைப் பிடித்து இறக்கிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மாட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுக்க, என் அப்பா எனக்குக் கொடுத்த தென்னந்தோப்பின் பத்திரம் சென்னகிருஷ்ணனின் பைனான்ஸுக்கு அடமானமாகப் போயிற்று. தொண்ணூற்றாறு தை முடிவதற்குள் மீட்காவிட்டால் தோப்பு அவருக்கு.

இன்று சந்தையில் யாராவது கை கொடுத்தார்களா?

வந்தார். துண்டை மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டார்.

10 ஜூன்

மாத்திரையை எண்ணிப் பார்த்தேன். சாப்பிடுகிறார். அது போதும் இன்றைக்கு.

23 ஜூன், வியாழன்

மீரான் பாய் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரு இன்னைக்கு என்ன செஞ்சுபோட்டாரு தெரியுங்களா?"

சந்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றாராம். எல்லாத் தரகர்களையும் கூப்பிட்டாராம். "எனக்கு வந்தது மனசு நோயிங்க. மாத்திரை சாப்புடறேன். திரும்பியும் வரலாமுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதனால எங்கிட்ட யாரும் துண்டுக்குள்ள பேச வேண்டாம். வாயத் தொறந்து, நாலு பேருக்குக் கேக்கற மாதிரி வெலை சொல்லுங்க. நான் கண்டபடி ஏத்துனா எல்லாருமாச் சத்தம் போடுங்க." இப்படிச் சொல்லிவிட்டு இறங்கினாராம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட? மகள் கலாமணிக்கு இருபது வயது. ஊரே மூடி மறைக்கிற நோயைத் தண்டோரா போட்டுவிட்டு வந்திருக்கிறார். "பொண்ணு ஒருத்தி இருக்கறது நெனப்பு இருக்குங்களா? இனி எவன் வந்து கேப்பான்?" என்று கத்தினேன்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மூடி வெச்சதுலதான புள்ள, அத்தனையும் போச்சு."

24 ஜூன்

சோறு மட்டும் போட்டேன். குழம்பில் உப்பு இல்லை என்று தெரிந்தும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. வருஷா வருஷம் கொடுமுடி போய்க் காவிரியில் முழுகுவோம். இந்த வருஷம் பஸ் காசு மாத்திரைக்கு. வாய்க்காலில் மஞ்சள் கரைத்து விட்டேன். "தண்ணி எங்கிருந்தாலும் தண்ணிதானுங்க அம்மணி" என்று கிண்டல் செய்கிறார். கிண்டல்! எத்தனை நாளாயிற்று.

17 நவம்பர், வியாழன்

சந்தையில் இவருக்கு "ஏலக்கடை" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். மாட்டை ஏலம் விடுகிற மாதிரி விலையைக் கத்திச் சொல்கிறாராம். இத்தனை மாதமும் மீரான் பாய் பிடித்துக் கொடுத்த மாடுகளை ஓட்டிப் போய் விட்ட கூலிதான் வருமானம். இருபது வருஷத் தரகர், கூலிக்கு மாடு ஓட்டினார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. நானாக இருந்தால் சந்தைப் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

வட்டி கட்டப் போனபோது சென்னகிருஷ்ணன் சிரித்தாராம். "மாட்ட விக்கறீங்களா, உங்க மானத்த விக்கறீங்களா?" பிறகு, தன் மகன் இன்ஜினியரிங் படிக்கிற பெருமையைக் கொஞ்ச நேரம். இவர் கேட்டுக்கொண்டு நின்று, ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் இன்று ஒன்று நடந்தது. நெகமத்திலிருந்து முத்தாத்தாள் என்ற அம்மா, புருஷன் இல்லாதவர், ஒரு ஜோடிக் காளை கொண்டுவந்தார். துண்டுக்குள் அந்நிய ஆணின் கையைப் பிடித்து எந்தப் பெண் விலை பேசுவாள்? இதுவரை கொழுந்தன்தான் பேசுவாராம், கொழுந்தன் சொன்னதுதான் விலை. "இந்தத் தடவை என்ற காதுலயே கேக்கோணும்" என்று நேராக இவரிடம் வந்திருக்கிறார். இவர் வாய்விட்டு விலை சொல்ல, மூன்று பேர் போட்டி போட, அந்த அம்மா அங்கேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். தரகுப் பணத்தை அவரே இரண்டு கையாலும் நீட்டினார் என்று இவர் இரண்டு தடவை சொன்னார்.

12 ஜனவரி 1995

இந்தச் சந்தைக்கு மட்டும் நான்கு பெண்கள் இவரைத் தேடி வந்தார்கள். ஏலக்கடைக்கு யோகம். தொட்டி மேல் ஏறியதற்கு நான் போட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை, ரொம்பத் துள்ளுவார்.

27 ஏப்ரல் 1995, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

மூன்று ராத்திரியாக அவர் சரியாகத் தூங்கவில்லை. வெக்கை என்றார். நானும் வெக்கை என்றே நம்பினேன் - நம்பத்தான் ஆசை. இன்று சந்தையில் ஒரு சொத்தைக் காளைக்கு விலை கேட்டிருக்கிறார். விற்கிறவன் வாயைத் திறப்பதற்குள் தானே ஏற்றினார். மறுபடி ஏற்றினார். மீரான் பாய் "அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தியிருக்கிறார். அடுத்து இன்னொருவர். அப்புறம் சந்தையே கத்தியிருக்கிறது, முத்தாத்தாள் உட்பட.

இவர் என்ன செய்தார்? கோபப்படவில்லையா? ஓடவில்லையா? கேட்டேன். "நின்னாருங்க. ஒரு மாதிரி எல்லார் மொகத்தையும் பாத்தாரு. அப்பறம் கையை நீட்டி, பஸ் ஏத்துங்க பாய்னாரு" என்றார் மீரான் பாய். கோயமுத்தூரில் சேர்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறார், சாப்பிடக்கூட இல்லை.

மிரண்டு ஓடுகிற மாட்டை நிறுத்துவதே பெரும்பாடு. ஓடுகிற தன் மனசை, மற்றவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிறுத்த எத்தனை பேரால் முடியும்? என் புருஷனால் முடிந்தது. இதை நான் இங்கே பெருமையாக எழுதி வைக்கிறேன்.

ஒரு மாடுகூட வாசலுக்கு வரவில்லை.

11 மே

வந்துவிட்டார். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். விரல் நடுங்குகிறது, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். "இனி துண்டுக்குள்ள வெலை பேசுனா, நடுக்கத்துலயே நூறு ரூபா ஏறிப்போகும்" என்றார். கலாமணி சிரித்தாள். நான் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

24 ஆகஸ்ட்

தேங்காய் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கடன் தீரும்வரை எங்கள் தோப்புக் காயும் சென்னகிருஷ்ணனுக்கு; அவர் ஆள் பறிக்கிறான். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கெடுவுக்கு இருப்பது இந்த ஒரு தைதான்.

8 பிப்ரவரி 1996, வியாழன்

கடனைக் கட்டி முடித்துவிட்டார்! தை முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. பத்திரத்தைத் தேடி எடுத்து வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றாராம் சென்னகிருஷ்ணன்.

சந்தையில் மீரான் பாய் எல்லார் முன்னாலும் இவர் தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டு, "கடன் தீந்துச்சுங்கண்ணா, இனிமே துண்டுக்குள்ளயே பேசலாம்" என்று கையை நீட்டியிருக்கிறார். இவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் துண்டைப் போர்த்தவில்லை. "வேண்டாம் பாய். மூடுனா நம்ம பொம்பளைங்க வர மாட்டாங்க. எனக்கும் நாலு பேரு காதுல விழோணும்" என்றாராம்.

துண்டை என்னிடம் கொடுத்தார். "தலை தொவட்டிக்கோ." ஆசையைப் பார்!

11 பிப்ரவரி, ஞாயிறு

நாங்கள் கிளம்புவதற்கு முன்பே சென்னகிருஷ்ணன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பத்திரத்தைக் கட்டில்மேல் வைத்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. தோள் துண்டை எடுத்து முகம் துடைக்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு ஏதோ முனகினார். எனக்குக் கேட்கவில்லை.

"துண்டை எடுத்துப்போட்டுச் சொல்லுங்க. இங்க நாங்கதானுங்க" என்றார் இவர்.

துண்டு இறங்கியது. மகன் காலேஜிலிருந்து வந்துவிட்டானாம். நாலைந்து ராத்திரியாகத் தூக்கம் இல்லை, பேச்சு நிற்பதில்லை. நேற்று கடைவீதியில் கண்ட கடையில் எல்லாம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். "வெளிய தெரிஞ்சா என்னாகறதுங்க பாலுசாமி? எனக்குக் கையுங் காலும் ஓடலீங்க."

நறுக்கென்று ஒன்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. மானம் என்ன விலைங்க என்று. இவர் என்னைப் பார்த்தார். நான் காபி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது இவர் அவர் கையைத் தன் நடுங்குகிற கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பியக் கூட்டிக்கிட்டுக் காலைல மொதல் பஸ்ஸுக்கு வந்துருங்க. நானும் வாரேன். டாக்டர் என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும்."

பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். காலைக்கு இவர் வேட்டிக்கு நீலம் போட்டுக் காய வைத்திருக்கிறேன்.